ஸ்கேல்ல இருக்கிற கோடுகளை மறந்துடுங்க

போன இதழ்ல ஒரு சின்னப் புதிர் குடுத்திருந்தேன், ஞாபகம் இருக்கா? ஒரு டப்பா மூடியை கவுத்து வச்சு சுத்தி வட்டம் வரைஞ்சாச்சு, மூடியையும் எடுத்தாச்சு, இப்ப வட்டத்தோட மையம் எங்கன்னு தெரியல, ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு கண்டுபிடிங்கன்னு கேட்டிருந்தேன். விடை ரொம்ப சிம்பிள். வட்டத்துக்குள்ள ஒண்ணுக்கொண்ணு இணையா இல்லாம ரெண்டு நாண் (வட்டத்து மேல ரெண்டு புள்ளியை இணைக்கிற கோடு) போடுங்க, ரெண்டுக்கும் மையக்குத்துக்கோடு (சரியா நடுவுல செங்குத்தா வெட்டற கோடு) வரைங்க, அந்த ரெண்டும் வெட்டிக்கிற இடம்தான் மையம். நிறைய பேர் சரியா எழுதியிருக்கீங்க. ஒருத்தர் பேப்பரை வட்டத்தோட சேர்த்து ரெண்டு தடவை மடிச்சு கண்டுபிடிச்சேன்னு எழுதியிருக்கார், அது விதிப்படி செல்லாதுன்னாலும் எனக்கு ரொம்ப பிடிச்சிருந்தது, மடிக்கிற சமாச்சாரத்துக்கு கீழ வர்றேன். புதிரோட சேர்ந்து வந்த கேள்விகள் குவிஞ்சு கிடக்கு, அதனால இந்த தடவை முழுக்க இதே பேச்சுதான்.

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. 7.3 செ.மீ. கோட்டை சமமா ரெண்டா பிரிக்கணும்னு கேள்வி. அவ ஸ்கேல்ல அளந்து 3.65ல புள்ளி வச்சா. விடை சரி, ஆனா மார்க் இல்ல. காம்பஸ் வச்சு வில் போட்டாதான் மார்க்காம். ஸ்கேல்ல கோடு போட்டு வச்சிருக்கறது எதுக்கு சார், அழகுக்கா?

பதில்: உங்க கோபம் புரியுது மேடம். மார்க்கை குறைச்சது சரியா தப்பான்னு பஞ்சாயத்து பண்ண நான் வரல, ஆனா காரணத்தை சொல்லாம குறைச்சிருந்தா அது தப்புதான்.

முதல்ல அந்த 3.65ஐ பாருங்க. ஸ்கேல்ல மில்லிமீட்டர் வரைக்கும்தான் கோடு இருக்கு, அப்ப 3.6க்கும் 3.7க்கும் நடுவுல உங்க பொண்ணு வச்ச புள்ளி கண்ணால பார்த்து குத்துமதிப்பா வச்சதுதானே. அந்த 7.3 மட்டும் என்ன, அதுவும் கண்ணால பார்த்ததுதான், நிஜத்துல அது 7.28ஆ கூட இருக்கலாம். மையக்குத்துக்கோடு போடறப்ப கோடு எவ்வளவு நீளம்னு தெரியவே வேண்டாம். ரெண்டு முனையிலயும் காம்பஸை வச்சு ஒரே அளவுல வில் போடறோம், வெட்டிக்கிற ரெண்டு புள்ளியும் ரெண்டு முனைக்கும் சம தூரம், அதனால அதை இணைக்கிற கோடு நடுவுலதான் போயாகணும், வேற வழியே இல்ல. அளக்கறப்ப "சரியா இருக்கும்னு நினைக்கிறேன்"னுதான் சொல்ல முடியும், இதுல "சரியாதான் இருக்கும், ஏன்னா"ன்னு ஆரம்பிச்சு ஒரு காரணத்தையும் சொல்ல முடியும்.

ரெண்டாவது விஷயம், இது ஒரு ஆட்டம். செஸ்ல குதிரை நேரா போனா ராஜாவை சீக்கிரமா மடக்கிடலாம்தான், ஆனா அப்புறம் அது செஸ் இல்ல. கி.மு. 300 வாக்குல யூக்ளிட்ங்கற கிரேக்கக் கணிதக்காரர் எலிமெண்ட்ஸ்ங்கற புத்தகத்துல இந்த ஆட்டத்துக்கு விதி எழுதி வச்சுட்டார். ரெண்டு புள்ளியை கோட்டால இணைக்கலாம், அந்தக் கோட்டை எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாம், ஒரு புள்ளியை மையமா வச்சு இன்னொரு புள்ளி வழியா வட்டம் போடலாம், அவ்வளவுதான். அளவுங்கற பேச்சே அதுல கிடையாது, ஸ்கேல்னா வெறும் நேரான ஒரு பட்டை, வழவழன்னு கோடே இல்லாத பட்டை. இந்த மூணை மட்டும் வச்சுகிட்டு முதல் வேலையா சமபக்க முக்கோணம் வரையறார், அங்க ஆரம்பிச்சு பதினைஞ்சு பக்க உருவம் வரைக்கும் போறார்.

ஸ்கேல்ல கோடு எதுக்குன்னு கேட்டீங்க இல்ல, அந்தக் கோடு இருந்தா என்ன ஆகும்னு இன்னொரு பதில்ல வருது, வெறும் ரெண்டே ரெண்டு கோடு இருந்தாலே ஆட்டம் தலைகீழா மாறிடுது. அதையும் பொண்ணுகிட்ட படிச்சு காட்டுங்க.

கேள்வி: வட்டம் போட்டு அதே அளவுல சுத்தி சுத்தி வில் போட்டா ஆறு இதழ் பூ வரணும். எனக்கு மட்டும் கடைசி இதழ் ஒட்டவே மாட்டேங்குது. ஆரம் சரியா ஆறு தடவைதான் போகுமா, இல்ல ஆறேகாலா?

பதில்: சரியா ஆறுதான், இம்மி கூட கூடாது குறையாது. மையத்துல இருந்து ஆரம், சுத்துல போட்டதும் ஆரம், மூணு பக்கமும் ஒண்ணுங்கறதால சமபக்க முக்கோணம், கோணம் 60, ஆறு தடவை போட்டா 360. கணக்கு மேல சந்தேகப்படாதீங்க, உங்க காம்பஸ் மேல சந்தேகப்படுங்க.

5 செ.மீ. ஆரத்துல வட்டம் போட்டுட்டு அடுத்த வில் போடறதுக்குள்ள காம்பஸ் 0.2 மில்லிமீட்டர் விரிஞ்சுடுச்சுன்னு வைங்க. கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒவ்வொரு அடியும் 60க்கு பதிலா 60.26 பாகை போகும், ஆறு அடியில ஒன்றரை பாகைக்கு மேல தாண்டிடும், சுத்துல பார்த்தா 1.4 மில்லிமீட்டர் இடைவெளி, அதுதான் உங்க ஒட்டாத இதழ். தப்பு சின்னதா இருந்தாலும் அது ஆறு தடவையும் ஒரே பக்கமா சேர்ந்துகிட்டே போகுது பாருங்க, அதான் விஷயம்.

காலைப் பிடிச்சு சுத்தாதீங்க, மேல இருக்கிற கொண்டையை ரெண்டு விரலால பிடிச்சு சுத்துங்க. பேப்பருக்கு அடியில ஒரு நோட்டை வைங்க, அப்பதான் முள்ளு பதியும், வெறும் மேஜை மேல வச்சா வழுக்கும். பென்சிலை நல்லா சீவுங்க. என் ஸ்கூல் காலத்து காம்பஸ்ல பென்சில் நிக்கவே நிக்காது, பேப்பரை மடிச்சு சந்துல சொருகிதான் அஞ்சு வருஷம் ஓட்டினேன், பூ ஒரு தடவை கூட ஒட்டினதில்ல. அப்ப எனக்கும் ஆறேகால்னுதான் தோணுச்சு.

கூடவே ஒண்ணு சொல்லிடறேன், மையக்குத்துக்கோடு போடறப்ப பாதிக்கு கொஞ்சம் மேல மட்டும் காம்பஸை விரிச்சா ரெண்டு வில்லும் உரசிகிட்டு போற மாதிரி வெட்டும், எந்த இடத்துல வெட்டுதுன்னே தெரியாது. கோட்டோட நீளத்துல பத்துல ஏழு பங்கு விரிச்சீங்கன்னா வில் ரெண்டும் ஏறக்குறைய செங்குத்தா வெட்டிக்கும், புள்ளி பளிச்சுன்னு விழும்.

கேள்வி: நான் ரிட்டயர் ஆனவன். எந்தக் கோணத்தையும் ஸ்கேல், காம்பஸ் மட்டும் வச்சு மூணு சம பாகமா பிரிக்க வழி கண்டுபிடிச்சிருக்கேன். 22 வருஷ உழைப்பு. ஆறு பக்கத்துல விளக்கம் இணைச்சிருக்கேன். ரெண்டாயிரம் வருஷமா யாராலயும் முடியாததுன்னு சொல்றாங்க. உங்க பத்திரிகையில வெளியிடணும்.

பதில்: ஐயா, ஆறு பக்கமும் ரெண்டு தடவை படிச்சேன், படமெல்லாம் அவ்வளவு சுத்தம், என் கையால அப்படி வரைய வராது. ஆனா விஷயத்தை நேரா சொல்லிடறேன், இது வேலை செய்யாது.

மத்த வாசகர்களுக்காக உங்க வழியை சுருக்கமா சொல்றேன். கோணத்தோட முனையை மையமா வச்சு ஒரு வில் போடறீங்க, வில்லோட ரெண்டு முனையையும் நேர்கோட்டால இணைக்கிறீங்க, அந்த நேர்கோட்டை மூணு சம பாகமா பிரிக்கிறீங்க, அந்தப் புள்ளிகளை கோணத்தோட முனைக்கு இணைக்கிறீங்க. நாணை மூணா பிரிச்சா கோணமும் மூணா பிரியும்ங்கறதுதான் உள்ள இருக்கிற நம்பிக்கை, மிச்ச அஞ்சு பக்கமும் அதை சுத்திதான் போகுது. 30 பாகையில பாகைமானி வச்சு சரிபார்த்தேன், பத்து பத்து பத்துன்னு வந்ததுன்னு எழுதியிருக்கீங்க. வரும். கணக்கு போட்டா நடுவுல 10.2, ஓரங்கள்ல 9.9 வருது, அந்த வித்தியாசத்தை எந்தப் பாகைமானியும் காட்டாது.

இப்ப ஒரு உதவி பண்ணுங்க, அதே வழியில 120 பாகையை எடுத்துக்கோங்க. வரைஞ்சு பாருங்க, அவசரப்படாம. நடுவுல 60 வரும், ரெண்டு ஓரத்துலயும் 30, 30. நாற்பது எங்கயுமே வராது. ஓரத்தை விட நடு ரெண்டு மடங்கு! ஏன்னா நாணோட நடுப்பகுதி முனைக்கு கிட்டக்க இருக்கு, ஓரம் தள்ளி சாய்வா இருக்கு, ஒரே நீளம் கிட்டக்க இருந்தா பெரிசா தெரியும், தள்ளி இருந்தா சின்னதா தெரியும். கோணம் சின்னதா இருக்கிறப்ப இந்தக் குளறுபடி ஒளிஞ்சுக்குது, அவ்வளவுதான். 60 பாகையிலயே 21.8, 19.1, 19.1னு எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுடும்.

இன்னொரு விஷயம், "யாராலயும் முடியல"ன்னு எழுதியிருக்கீங்க, அங்கதான் நிறைய பேருக்கு குழப்பமே. இதுவரைக்கும் யாராலயும் முடியலங்கறது வேற, யாராலயும் எப்பவும் முடியாதுங்கறது வேற. ரெண்டாவதைத்தான் 1837ல பியர் வான்ட்ஸெல்ங்கற பிரெஞ்சுக்காரர் நிரூபிச்சுட்டார், அப்ப அவர் இருபதுகள்ல இருந்த பையன். ரெண்டு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டி ஒற்றைப்படை வர வைங்கன்னா என்ன சொல்வீங்க? 22 வருஷம் தேடிப் பாருன்னு சொல்ல மாட்டீங்க இல்ல, வராதுன்னு முதல்லயே சொல்லிடுவீங்க. இதுவும் அந்த ஜாதிதான்.

ஆனா ஐயா, மனசு விட்டுடாதீங்க. கோணத்தை மூணா பிரிக்கவே முடியாதுன்னு இல்ல, இந்த ஆட்ட விதிப்படிதான் முடியாது. விதியை கொஞ்சூண்டு வளைச்சா முடியும், அதை ஆர்க்கிமிடீஸ் காலத்துலயே பண்ணிட்டாங்க. எட்டாவது பொண்ணோட அம்மா, இப்ப கவனிங்க, ஸ்கேல்ல ரெண்டு கோடுன்னு சொன்னேனே, இங்கதான்.

ஓ மையமா ஒரு வட்டம் போடுங்க. நீங்க பிரிக்க வேண்டிய கோணம் மையத்துல இருக்கட்டும், அதோட ஒரு கை வட்டத்தை ஏ-ல தொடுது, இன்னொரு கை பி-ல தொடுது. பி-ல இருந்து ஓ வழியா கோட்டை வட்டத்துக்கு வெளிய அந்தப் பக்கமா நீளமா நீட்டி விடுங்க. இப்ப கோடில்லாத ஸ்கேலை எடுத்து அதுல ரெண்டே ரெண்டு அடையாளம் வைங்க, நடுவுல சரியா வட்டத்தோட ஆரம் அளவு. ஸ்கேல் எப்பவும் ஏ-ஐ தொட்டுகிட்டே இருக்கணும், ஒரு அடையாளம் நீட்டின கோட்டு மேல இருக்கணும், மெதுவா நகர்த்திகிட்டே போங்க, ரெண்டாவது அடையாளம் வட்டத்து மேல வந்து உக்கார்ற நேரத்துல நிறுத்துங்க. நீட்டின கோட்டு மேல இருக்கிற புள்ளி சி, வட்டத்து மேல இருக்கிறது டி. சி-ல ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற கோணம் இருக்கு பாருங்க, அது உங்க கோணத்துல சரியா மூணுல ஒரு பங்கு.

ஏன்னு கேட்டா, சி-டி ஒரு ஆரம், டி-ஓ ஒரு ஆரம், ஓ-ஏ ஒரு ஆரம், ஆக ரெண்டு இருசமபக்க முக்கோணம். சி-ல இருக்கிற கோணத்தை ஒண்ணுன்னு வச்சா ஓ-ல அதே ஒண்ணு, டி-ல வெளிக்கோணம் ரெண்டு, அதே ரெண்டு ஏ-லயும், கடைசியா பெரிய முக்கோணம் சி-ஏ-ஓ-க்கு வெளிக்கோணம் ஒண்ணும் ரெண்டும் சேர்ந்து மூணு, அதுதான் உங்க கோணம். ஸ்கூல் பாடத்துல இருக்கிற வெளிக்கோண விதி மட்டும்தான் வேணும், வேற ஒண்ணுமே வேண்டாம். நகர்த்தி சரிபார்த்து நிறுத்தறோம் இல்ல, யூக்ளிட் ஆட்டத்துல அந்த மூவ் கிடையாது, அது ஒண்ணுதான் குத்தம்.

உங்க படத்தோட சுத்தத்துக்கு இதை ஒரு தடவை வரைஞ்சு அனுப்புங்க ஐயா, அதை கட்டாயம் போடறோம்.

கேள்வி: ஒரு கோட்டை மூணா பிரிக்கலாம், அஞ்சா பிரிக்கலாம், நூறா கூட பிரிக்கலாம்னு பாடத்துல இருக்கு. கோணத்தை மட்டும் ஏன் மூணா பிரிக்கக் கூடாது? நிரூபிச்சுட்டாங்கன்னு சொல்றீங்க, எப்படின்னு புரியற மாதிரி சொல்லுங்க.

பதில்: சரியான இடத்துல பிடிச்சீங்க. கோட்டை மூணா பிரிக்க ஒரு முனையில இருந்து சாய்வா ஒரு கோடு போட்டு, அதுல காம்பஸால மூணு சம அடி வச்சு, கடைசி அடியை அடுத்த முனையோட இணைச்சு, மிச்ச ரெண்டு அடியில இருந்தும் அதுக்கு இணைகோடு போட்டா முடிஞ்சது. ஏன்னா அது வெறும் வகுத்தல்.

இப்படி யோசிங்க. கையில 1னு ஒரு நீளம் இருக்கு. ஸ்கேலும் காம்பஸும் வச்சு என்னென்ன நீளம் உண்டாக்கலாம்? கோடும் கோடும் வெட்டிக்கிற புள்ளியில கிடைக்கிறதெல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்தான். வட்டம் உள்ள வந்தா புதுசா ஒண்ணே ஒண்ணு சேருது, வர்க்கமூலம். சதுரத்தோட மூலைவிட்டம் ரூட் 2 மாதிரி. ஆக நீங்க ஆயிரம் வில் போட்டாலும் கடைசில வர்ற நீளம் எல்லாம் இந்த நாலு கணக்கும் வர்க்கமூலமும், வர்க்கமூலத்துக்குள்ள வர்க்கமூலமும், அதுக்குள்ள இன்னொண்ணுமா இருக்கும். ஒவ்வொரு வர்க்கமூலமும் சிக்கலை ரெண்டு மடங்காக்கும், 2, 4, 8, 16ன்னு அந்த வரிசையிலதான் போகும்.

இப்ப 60 பாகையை மூணா பிரிக்கணும்னா 20 பாகை வேணும். கோணத்தை அப்படியே கையில பிடிக்க முடியாது, நீளமாத்தான் பிடிக்கணும், அந்த நீளம் கொசைன் 20 (கர்ணம் 1ஆ இருக்கிற செங்கோண முக்கோணத்துல 20 பாகையை ஒட்டின பக்கம்). அதை ரெண்டு மடங்கா எடுத்துகிட்டா 1.879ன்னு ஒரு எண் வருது. அந்த எண்ணை கனமாக்கி, அதுல இருந்து அதே எண்ணை மூணு தடவை கழிச்சா சரியா 1 வரும், கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. இது முப்படி சமன்பாடு, இதை சின்னதா உடைக்கவும் முடியாது, அதனால இதோட சிக்கல் 3. 2, 4, 8, 16ன்னு போற வரிசையில 3 எங்க வந்து ஒட்டும்? ஒட்டாது. நிரூபணத்தோட எலும்புக்கூடு இவ்வளவுதான், சதை போட காலேஜ் கணக்கு வேணும். ஒரு கனசதுரத்தோட கனஅளவை ரெண்டு மடங்காக்கணும்ங்கற கிரேக்கர்களோட இன்னொரு பழைய புதிரும் இதே இடத்துலதான் செத்துப்போச்சு, அதுக்கு 2ஓட கனமூலம் வேணும், திரும்பவும் 3.

எல்லாக் கோணமும் அடம் பிடிக்காதுங்கறதையும் சொல்லிடணும். 90ஐ தாராளமா மூணா பிரிக்கலாம், 30 வரைய தெரிஞ்சா போதும். எந்தக் கோணம் குடுத்தாலும் வேலை செய்யற ஒரே வழிதான் கிடையாது.

கேள்வி: பாதி, பாதியில பாதின்னு பிரிச்சுகிட்டே போனா மூணுல ஒண்ணு வராதா? காலேஜ் நண்பர்களுக்குள்ள பந்தயம்.

பதில்: கால், கூட பதினாறுல ஒண்ணு, கூட அறுபத்து நாலுல ஒண்ணுன்னு கூட்டிகிட்டே போனா மூணுல ஒண்ணை நோக்கித்தான் போகும், உண்மை. 60 பாகைக்கு 15, 18.75, 19.69, 19.92ன்னு போகுது. நாலாவது அடியிலயே பென்சில் கோட்டு தடிமனுக்குள்ள வந்துடும். ஆனா சரியா 20 வரணும்னா முடிவே இல்லாம போட்டுகிட்டே இருக்கணும், ஆட்டத்துல எண்ணி முடிக்கிற அளவு அடிதான் அனுமதி. பந்தயத்துல முடியாதுன்னு சொன்னவர் ஜெயிச்சார், ஆனா தோத்தவருக்கும் பாதி காசு குடுங்க, யோசனை நல்லா இருக்கு.

கேள்வி: 75 பாகை வரைய சொல்றாங்க, 70 வரைய சொல்றதே இல்ல. ஏன்?

பதில்: வரைய முடியாது, அதான். முழு எண் பாகைகள்ல 3ஆல வகுபடறது மட்டும்தான் வரும். 60ம் வரும், ஐங்கோணத்தால 72ம் வரும், கழிச்சா 12, பாதி 6, அதுல பாதி 3. மூணு கிடைச்சா அதோட மடங்கெல்லாம் கிடைச்ச மாதிரி. 1 பாகை வரைஞ்சுட்டேன்னு யாராவது சொன்னா அவர் பாக்கெட்ல பாகைமானி இருக்கான்னு பாருங்க.

கேள்வி: அறுகோணம் வருது, எண்கோணம் வருது, நடுவுல எழுகோணம் மட்டும் ஏன் வரமாட்டேங்குது? யூடியூப்ல ஒருத்தர் வரைஞ்சு காட்டறாரே?

பதில்: அந்த வீடியோவை நானும் பார்த்தேன், அழகா இருக்கு, ஆனா அது கிட்டத்தட்ட எழுகோணம். வட்டத்துக்குள்ள சமபக்க முக்கோணம் போட்டு அதோட பக்கத்துல பாதியை எழுகோணத்துக்கு பக்கமா எடுத்துக்கற ரொம்பப் பழைய வழி. ஒரு அடிக்கு 51.43 பாகை போகணும், இது 51.32 போகுது, ஏழு அடி முடிஞ்சா முக்கால் பாகை மிச்சம். 5 செ.மீ. வட்டத்துல அது 0.7 மில்லிமீட்டர், அதாவது ஒரு மொட்டை பென்சில் கோடு. வீடியோவுல தெரியவே தெரியாது. தச்சு வேலைக்கு, கோலத்துக்கு, லோகோவுக்கு இது தாராளம், நானே இதைத்தான் பயன்படுத்துவேன், "கச்சிதமான எழுகோணம்"னு தலைப்பு வச்சதுதான் தப்பு.

ஐங்கோணம் மட்டும் எப்படி வருதுன்னு பாருங்க, அது கச்சிதம். வட்டத்துல ஒரு விட்டம் படுக்க வச்சு போடுங்க, மையத்துல இருந்து செங்குத்தா ஒரு ஆரம் மேல போகட்டும். வலது பக்க ஆரத்தோட நடுப்புள்ளியில காம்பஸ் முள்ளை வச்சு, மேல இருக்கிற உச்சி வரைக்கும் விரிச்சு, அந்த அளவை அப்படியே கீழ இறக்கி விட்டத்துல இடது பக்கமா வெட்டுங்க. வெட்டின புள்ளிக்கும் உச்சிக்கும் உள்ள தூரம்தான் ஐங்கோணத்தோட பக்கம், அஞ்சு தடவை போட்டா அச்சா வந்து ஒட்டும். எனக்கு முதல் தடவை ஒட்டினப்ப நம்பவே முடியல, அஞ்சுக்கும் இந்த பாதி ஆரத்துக்கும் என்ன சொந்தம்னு ராத்திரி பூரா யோசிச்சேன். ரூட் 5தான் சொந்தம், ஒண்ணுக்கு பாதின்னு செங்கோண முக்கோணம் போட்டா கர்ணத்துல ரூட் 5 வந்து உக்கார்ந்துடுது.

யூக்ளிட் காலத்துல 3, 4, 5, 15, அப்புறம் அதுகளோட இரட்டிப்பு, இவ்வளவுதான் தெரியும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு அதுல ஒண்ணு கூட சேரல. 1796 மார்ச் 30, காஸ்ங்கற ஜெர்மன்காரர், பத்தொன்பது வயசு ஆக இன்னும் ஒரு மாசம் பாக்கி, பதினேழு பக்க உருவத்தை வரையலாம்னு கண்டுபிடிச்சார். அவரோட டைரியில முதல் குறிப்பே இதுதான். அவர் படம் போட்டு பார்த்து கண்டுபிடிக்கல, சமன்பாட்டை வச்சு கண்டுபிடிச்சார், பதினேழுக்கு வேண்டிய நீளம் வர்க்கமூலம் மட்டும் வச்சே எழுதிடலாம்னு காட்டிட்டார். 17ல இருந்து ஒண்ணு கழிச்சா 16, அது ரெண்டு ரெண்டா மடங்கின எண். 7ல ஒண்ணு கழிச்சா 6, அதுக்குள்ள 3 ஒளிஞ்சிருக்கு, அதான் எழுகோணத்தோட பிரச்சினை, திரும்பவும் அதே 3. இந்த மாதிரி பகா எண்கள் இதுவரைக்கும் தெரிஞ்சது அஞ்சுதான், 3, 5, 17, 257, 65537. கடைசி எண்ணுக்கு ஹெர்மெஸ்னு ஒருத்தர் பத்து வருஷம் உக்கார்ந்து வழியை எழுதி 1894ல முடிச்சார், அந்த கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல பெட்டியில இருக்கு. 65537 பக்கம் வரைஞ்சா பார்க்க வட்டம் மாதிரிதான் இருக்கும்ங்கறது அவருக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் பத்து வருஷம்!

கேள்வி: வட்டத்தோட பரப்புக்கு சமமா சதுரம் வரைய முடியாதுன்னு சொல்றாங்க, ஆனா ராமானுஜன் வரைஞ்சார்னு எங்க தாத்தா சொல்றார். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேரும். 1882ல லிண்டமான்ங்கற ஜெர்மன் கணிதக்காரர், பை-ங்கற எண் முழு எண்களை வச்சு எழுதற எந்தப் படி சமன்பாட்டுலயும் அடங்காதுன்னு நிரூபிச்சார், 3ம் இல்ல 8ம் இல்ல, எதுலயும் இல்ல. அதோட வட்டத்தை சதுரமாக்கற கதை முடிஞ்சது. அதுக்கு முன்னாடியே, நிரூபணம் எதுவும் வராத 1775லயே, பாரிஸ்ல இருந்த அறிவியல் அகாடமி இனிமே இந்த மாதிரி கடிதம் வந்தா படிக்கறதில்லன்னு முடிவு பண்ணிடுச்சு. அவ்வளவு கடிதம் வந்திருக்கு பாவம். (நான் இன்னும் படிச்சுகிட்டுதான் இருக்கேன்.)

ராமானுஜன் 1913ல இந்தியக் கணிதக் கழகத்தோட இதழ்ல எழுதினது கிட்டத்தட்ட சதுரம், அதை அவரே ஒளிக்காம சொல்லியிருக்கார். பை-க்கு பதிலா 355/113 வர்ற மாதிரி ஒரு சின்ன வரைபடம். தப்பு எவ்வளவுன்னு அவரே சொல்ற விதம்தான் அழகு, வட்டத்தோட பரப்பு 1,40,000 சதுர மைல் இருந்தா சதுரத்தோட பக்கம் உண்மையை விட ஏறக்குறைய ஒரு அங்குலம் நீளமா இருக்கும்னு எழுதறார். நான் கணக்கு போட்டு பார்த்தேன், பக்கம் 374 மைல் வருது, அதுல தப்பு ஒரு அங்குலம்தான், அச்சு அசலா. நம்ம ரிட்டயர்ட் ஐயாவோட வழிக்கும் இதுக்கும் வித்தியாசம் துல்லியத்துல மட்டும் இல்ல, இவருக்கு தன்னோட தப்பு எவ்வளவுன்னு தெரியும்.

கேள்வி: ஸ்கேல் உடைஞ்சுடுச்சு சார், காம்பஸ் மட்டும்தான் இருக்கு. பரீட்சை எழுதலாமா? (சும்மா கேட்டேன்)

பதில்: சும்மா கேட்டாலும் சரியான கேள்வி. ஸ்கேலும் காம்பஸும் சேர்ந்து கண்டுபிடிக்கிற எந்தப் புள்ளியையும் காம்பஸ் மட்டுமே கண்டுபிடிச்சுடும். கோட்டைத்தான் இழுக்க முடியாது, புள்ளி கிடைக்கும். 1797ல மாஸ்கெரோனிங்கற இத்தாலிக்காரர் இதை புத்தகமா போட்டு நெப்போலியனுக்கு காணிக்கையாக்கினார். பின்னாடி 1928ல பார்த்தா மோர்ங்கற டேனிஷ்காரர் இதையே 1672ல எழுதி வச்சிருக்கார், யாரும் கண்டுக்கவே இல்ல. தலைகீழா ஸ்கேல் மட்டும் இருந்தா போதாது, ஆனா பேப்பர்ல மையத்தோட ஒரே ஒரு வட்டம் வரைஞ்சிருந்தா அதுவும் போதும்.

ஒண்ணு பண்ணிப் பாருங்க, காம்பஸ் மட்டும் வச்சு வட்டத்தை நாலா பிரிக்கறது. சுத்துல ஆறு புள்ளி போடுங்க. முதல் புள்ளியில இருந்து மூணாவது புள்ளி வரைக்கும் காம்பஸை விரிங்க. அதே விரிப்போட முதல் புள்ளியில இருந்து ஒரு வில், நேர் எதிர்ல இருக்கிற நாலாவது புள்ளியில இருந்து ஒரு வில், வட்டத்துக்கு வெளிய வெட்டிக்கும். மையத்துல இருந்து அந்த வெட்டுப்புள்ளிக்கு உள்ள தூரம் இருக்கு பாருங்க, அதுதான் சதுரத்தோட பக்கம். அந்த அளவை சுத்துல நாலு தடவை போட்டா வேலை முடிஞ்சது, ஸ்கேலை தொடவே இல்ல.

கேள்வி: பேப்பர் மடிச்சா மூணா பிரிக்கலாமாமே?

பதில்: ஆமா, மேல மையத்தை மடிச்சு கண்டுபிடிச்ச வாசகருக்கும் சேர்த்து சொல்றேன். ரெண்டு புள்ளியை ஒரே மடிப்புல ரெண்டு கோட்டு மேல கொண்டு போய் உக்கார வைக்கிற ஒரு மடிப்பு இருக்கு, அது முப்படி சமன்பாட்டையே தீர்த்துடும், 1936லயே மார்கரீட்டா பெலோக்ங்கற இத்தாலியப் பேராசிரியை எழுதிட்டாங்க. அப்ப கோணத்தை மூணா பிரிக்கலாம், எழுகோணமும் கச்சிதமா வரும். காம்பஸை விட வெறும் பேப்பர் கெட்டிக்கார சரக்கு.

கேள்வி: இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு கிளிக்ல வரையலாமே, எதுக்கு இந்தப் பாடு?

பதில்: வரையலாம், நானும் வரையறேன். கம்ப்யூட்டர்ல 20 பாகைன்னு டைப் அடிச்சா 20 பாகை வந்துடும், ஏன் வந்ததுன்னு நீங்க கேட்க மாட்டீங்க, அதுவும் சொல்லாது. கேட்கணும்னு தோணாதவங்களுக்கு இந்தப் பாடு வேண்டாம்தான்.

அடுத்த இதழுக்கு: பேப்பர்ல ரெண்டே ரெண்டு புள்ளி, கோடு கூட இல்ல. காம்பஸ் மட்டும் வச்சு ரெண்டுக்கும் சரியா நடுப்புள்ளியை கண்டுபிடிங்க. மடிக்கக் கூடாது, அளக்கக் கூடாது, கண்ணால குத்துமதிப்பா வைக்கவும் கூடாது. ஒரு சின்ன க்ளூ, பாதியை தேடறதுக்கு முன்னாடி முதல்ல ரெண்டு மடங்கை கண்டுபிடிங்க, மூணு வில் போட்டா வந்துடும்.